கடைசிக் கட்டம்

புந்தா அரேனாஸுக்கு வடக்கே, எழுபதாவது கிலோமீட்டரில்
காற்று எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தது.
ஜீப்பின் கதவைத் திறந்தேன்.
மீதியை அது திறந்துகொண்டது.

மூன்று பெட்டிகள், மூன்று ட்ரோன்கள்.
மடியில் கொள்முதல் படிவம்:
விலை, எடை, பறக்கும் நேரம், கேமரா, உத்தரவாதம்.
கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘காரணம்’.
அதற்கு இரண்டு வரி இடம்.

சந்தியாகோவிலிருந்து வந்த பாஸ்தியான் லெயிவா
மெல்லிய தோல் காலணியில் நடுங்கியபடி
நடுப்பெட்டியைத் தட்டினான்:
“நாற்பத்திரண்டு நிமிடம் பறக்கும்.”
“எங்கே?” என்றார் வென்சூர்.

எலியோதோரோ வென்சூர், சிலோயே தீவுக்காரர்.
பத்தொன்பது வருடம் மின்கோபுரம் ஏறியவர்.
வலது கையில் மூன்று விரல்.
மீதி இரண்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை;
214-ஆம் கோபுரத்தைக் கடக்கும்போது
வண்டி மட்டும் கொஞ்சம் வேகம் குறையும்.

சோதனை 214-இல்தான் என்று எழுதியது நான்.
கம்பியைத் தாங்கும் பீங்கான் தட்டுகள் பதினாறு.
ஏதோ ஒன்றில் கீறல் என்று சந்தேகம்.

முதலாவது வெள்ளை. கல்யாணப் படம் எடுக்கப் பிறந்த உடல்.
எழுந்தது, நின்றது, பிறகு
நிற்பதாக நினைத்துக்கொண்டே
அர்ஜென்டினாவை நோக்கிப் போனது.
திரையில் ‘நிலையாக உள்ளது’ என்றே இருந்தது கடைசிவரை.
வேலியோரம் ஒரு குவானகோ
கழுத்தை மெல்லத் திருப்பி அதை வழியனுப்பியது.
பாஸ்தியான் ஓடினான். காலணி ஓடவில்லை.

இரண்டாவதுக்கு ஆறு கைகள்.
காற்றின் முகத்துக்கு நேரே நின்றது.
வெப்பம் பார்க்கும் அதன் கண்ணில்
எட்டாவது தட்டு மட்டும்
சிகரெட் நுனிபோல் கனன்றது.
நான் பேனா மூடியைத் திறந்துவிட்டேன்.

பத்தொன்பதாவது நிமிடம் இறங்கிவிட்டது.
குளிர் தன் பங்கைக் கேட்காமலே எடுத்திருந்தது.
பேட்டரி மாற்ற இரண்டு தாழ்கள், நகத்தளவு,
இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் விடும்.
வென்சூர் கையுறையைக் கழற்றினார்.
மைனஸ் ஆறு.
அழுத்தினார். மறுபடி அழுத்தினார்.
உதவ வந்த பாஸ்தியான்
என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நின்றான்.
ஐந்து விரல்களை நம்பிச் செய்த பூட்டு அது.
பேனாவை மூடினேன்.

மூன்றாவது அவலட்சணம். கழுவாத சட்டியின் சாம்பல் நிறம்.
விலையோ மற்ற இரண்டையும் கூட்டினால் வருவது.
இருபத்தாறு நிமிடம் என்று போட்டிருந்தது,
இருபத்து நான்கு பறந்தது.
பொய் சொல்ல யாரும் கற்றுத்தரவில்லை போலும்.

அதன் கேமராவில் எட்டாவது தட்டு வந்தது,
விளிம்பில் ஒட்டிய தலைமுடிபோல் கீறல்.
வென்சூர் வெகுநேரம் பார்த்தார்.
“இதற்கு ஒரு முழம் கீழேதான் நின்றேன், மிலென்கா.
நின்றவனுக்கு இது தெரியாது.”

பிறகு பேட்டரி. பின்புறம் அகலமான ஒரு பிடி,
ரொட்டி அடுப்பின் கதவுக்கு இருப்பதுபோல.
கையுறையோடு இழுத்தார், போட்டார்.
தேவையே இல்லாமல் இன்னொரு முறை இழுத்தார், போட்டார்.
பூட்டிய சத்தம் காற்றில் கேட்கவில்லை.
அவர் தோள் இறங்கியதைப் பார்த்தேன்.

உதிரி பாகம் வர பதினோரு நாளாம்.
“அப்படியானால் கூடுதலாக எட்டு இறக்கை, இலவசமாக” என்றேன்.
“நான்கு” என்றான் பாஸ்தியான்.
கிழக்கே, வெள்ளைக்காரி போன திசையைக் காட்டினேன்.
“எட்டு.”

இரவு அலுவலகத்தில்
விலைக் கட்டம் தானாகவே சிவப்பானது.
காரணம் என்ற இடத்தில்
நீளமாக எதையோ எழுதி, அழித்து,
‘கையுறையோடு திறக்கலாம்’ என்று போட்டேன்.
இன்னொரு வரி காலியாகவே கிடந்தது.

வியாழக்கிழமை நிதிப்பிரிவிலிருந்து படிவம் திரும்பி வந்தது:
விளக்கம் போதாது.

காலி வரியில் எழுதி அனுப்பினேன்:
வந்து பாருங்கள்.
தடித்த காலணி போட்டுக்கொண்டு.