ஆறு புள்ளி எட்டு

கொழுந்தன் லீலண்ட்
டிரக்கின் டாஷ்போர்டுப் பெட்டியில்
பச்சை அட்டை நோட்டு ஒன்று வைத்திருக்கிறான்.
வட்டிக்காரன் கணக்கு மாதிரி எழுதுவான்:
எத்தனை கேலன், எத்தனை மைல்,
எதிர்காற்றா பின்காற்றா,
பின்னால் என்ன கட்டியிருந்தது.

அவனுடையது ஆறு சிலிண்டர் டீசல்.
என்னுடையது எட்டு சிலிண்டர் பெட்ரோல்.
மொன்டானாவில் எங்கள் பக்கம்
தேர்தலைப் பற்றிப் பேசாத வீடுகள் உண்டு,
இதைப் பேசாத வீடு கிடையாது.

"குதிரைத்திறன் விளம்பரத்துக்கு அண்ணி,
மேட்டில் இழுப்பது முறுக்குவிசை" என்பான்.
ஆயிரத்து ஐம்பது என்பான்,
பரீட்சையில் மகள் வாங்கிய மார்க் போல.
எனக்கு நானூற்று முப்பது குதிரை போதும்,
உன் வண்டி ஒன்பதாயிரம் டாலர் கூடுதல்,
டீசல் விலையும் கூடுதல்,
அது போதாதென்று யூரியாத் தண்ணீர் வேறு குடிக்கிறது,
மைலேஜில் மிச்சம் பிடித்துப் போட்ட காசை எடுக்க
பதினோரு வருஷம் ஆகும் என்பேன்.
"பதினோரு வருஷமும் இங்கேதானே இருக்கப்போகிறேன்."

அக்டோபரில் பந்தயம் கட்டிப் பார்த்தோம்.
ஒரே ட்ரெய்லர், ஒரே வைக்கோல்,
பதினாலாயிரம் பவுண்டு,
ஓட்டர் மேட்டில் ஆறு மைல் ஏற்றம்.
அவன் மகள் ஆஸ்ட்ரிட் இரண்டு வண்டியிலும் ஏறி
ஸ்டாப்வாட்ச் அமுக்கினாள்.
டீசலுக்கு அங்கே மேடு இருப்பதே தெரியவில்லை,
ஐம்பத்தெட்டில் போய்க்கொண்டே இருந்தது.
என்னுடையது
கியர் இறக்கி, இன்னொரு கியர் இறக்கி,
நாலாயிரத்து ஐந்நூறு சுற்றில் அலறி
நாற்பத்து நான்கில் உச்சியைத் தொட்டது.
"பெரியம்மா வண்டி அழுதுச்சு" என்றாள் ஆஸ்ட்ரிட்.
அவனுக்குப் பதினொன்று, எனக்கு ஏழரை.
நோட்டில் என் எண்ணுக்கு மட்டும்
இரண்டு அடிக்கோடு.

பிப்ரவரி. பாரன்ஹீட்டில் மைனஸ் முப்பத்தொன்று.
அவன் ஜூனிபர், பதினாறு வயதுப் பெண்குதிரை,
கொட்டிலில் விழுந்து புரண்டாள்,
தன் விலாவைத் தானே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.
குடல் முறுக்கு.
மருத்துவர் எழுபத்தாறு மைல் தள்ளி,
மேட்டுக்கு அந்தப்புறம்.

டீசல் சாவியைத் திருப்பினான்.
இரண்டு இருமல்.
பிறகு இருமலும் இல்லை.
எண்ணெய் பிசினாகிக் கிடக்க
ஆயிரத்து ஐம்பது முறுக்குவிசை
அசையாமல் நின்றது பனியில்.

என்னுடையது முனகிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

நானூற்று முப்பது குதிரைகள்
ஒரு குதிரையை இழுத்துப் போயின.
அலறத்தான் செய்தன, மேடு முழுக்க.
அவன் பக்கத்தில் உட்கார்ந்து
பெட்ரோல் முள்ளைப் பார்க்கவில்லை,
பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அவள் கால் மாற்றி நிற்கும்போதெல்லாம்
அந்த அசைவு கொக்கி வழியாக ஏறி
என் இடுப்புக்கு வந்தது.
"நிற்கிறாள்" என்பேன்.
கொஞ்ச தூரம் கழித்து,
"நிற்கிறாள்."
ஒரு நீண்ட வளைவில் எதுவும் வரவில்லை.
இரண்டு பேரும் பேசவில்லை.
பிறகு வந்தது.

விடிந்து, பங்கில் டாங்க்கை நிரப்பியபோது
நோட்டு இல்லாமல் ரசீதின் பின்னால் கிறுக்கினான்:
ஆறு புள்ளி எட்டு.
அதன் கீழே: குதிரை பிழைத்தது.
அடிக்கோடு இல்லை.

இப்போது கூட்டுறவுக் கடையில்
காபி நேரத்தில் யார் வாயைத் திறந்தாலும்
"இழுக்க டீசல், குளிருக்குப் பெட்ரோல்,
வேண்டுமானால் அண்ணியைக் கேள்" என்கிறான்.
நான் கோப்பைக்குள் பார்க்கிறேன்.

அன்று சாயங்காலம்
மாட்டுத் தொட்டியில் தண்ணீர் உறையத் தொடங்கியிருந்தது.
கொட்டிலில் இருப்பதோ ஒரே பிளக்.
அவன் எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் ஒயர்
அதில் செருகியிருந்தது.
ஒரு மணி நேரத்துக்கு என்றுதான்
உருவினேன்.