துவண்ணாவுக்கு நான்கு டிக்கெட்

மோன் மொழியில் நாய் என்றால் ஐயா.
ரோட்ஸாவை அவன் ஊரே நாய் ரோட்ஸா என்று
மரியாதையாகக் கூப்பிடும்.
பள்ளிக்கூடத்தில் தொடங்கிய சிரிப்பு
பவளக்கொடிக்கும் எனக்கும் இன்னும் அடங்கவில்லை.
"ஐயா, ஜன்னலோரம் என்னுடையது."
அவனை நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன்.

மோல்மேனில் ஆறு மணி பஸ்.
தான்லுவின் பாலத்தில் ஏறும்போதே
ஜோ மின் தொடையில் டிரம்ஸ் வாசிக்க ஆரம்பித்துவிட்டான்.
'கடைசிக் கப்பல்' பேண்டை
ஒன்பது வருடமாகக் கேட்கிறோம்,
நகலெடுத்த கேசட்டில், நகலின் நகலில்,
பிறகு ஒருவர் காதிலிருந்து ஒருவர் பிடுங்கும்
ஒற்றை இயர்போனில்.
பாடகனுக்குத் தீராத இருமல் என்று நினைத்திருந்தோம்.
அது நாடாவின் இருமல்.

டிக்கெட்டுக்காக ஜோ மின் சைக்கிளை விற்றான்.
நான் ஜெராக்ஸ் கடையில்
மூன்று மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளை விற்றேன்.
பவளக்கொடி எதை விற்றாள் என்று சொல்லவில்லை.
காதில் வேப்பங்குச்சி இருந்தது.

சித்தாங் பாலத்துக்கு முன்னால் செக்போஸ்ட்.
மூன்று அட்டை ரோஜா நிறம். என்னுடையது வேறு.
பவளக்கொடியும் நானும் ஒரே தெரு,
ஒரே அம்மனுக்குத் தீ மிதித்தவர்கள்.
அவள் அப்பா சரியான வருடத்தில்
சரியான ஜன்னல் முன்னால் நின்றார்.
என் அப்பா அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தார்.
அவ்வளவுதான் நிறம்.

"இறங்கு."
டிரைவர் ஹாரன் அடித்தார்.
நீங்கள் போங்கள் என்று நான் சொல்வதற்குள்
ரோட்ஸா என் பையோடு கீழே நின்றான்,
ஜோ மின் டிரைவரிடம் சண்டை போட்டபடி,
பவளக்கொடி
ஒரு செருப்பை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு.

நாலரை மணி நேரம்
அதிகாரி யாருக்கோ போன் செய்தார்.
அந்த யாரோ சாப்பிடப் போயிருந்தார்.
புளியமரத்தடியில்
எந்தப் பாட்டை முதலில் வாசிப்பார்கள் என்று
பந்தயம் கட்டினோம்.
யார் ஜெயித்தது என்று இன்றுவரை தெரியாது.

பிறகு ஒரு தர்பூசணி லாரி.
பெகு தாண்டியதும் இருட்டு, மழை.
காய்கள் உருண்டு வந்து இடுப்பில் இடித்தன.
இறங்கும்போது ஆளுக்கு ஒன்று கையில் திணித்தார்கள்.

துவண்ணா வாசலில் யாரும் இல்லை.
டிக்கெட் கிழிக்கிறவனும் உள்ளே போய் ஆடிக்கொண்டிருந்தான்.
தர்பூசணிகளைச் சுமந்துகொண்டு ஓடினோம்.
ஒன்றரைப் பாட்டு கேட்டோம்.

அரைப் பாட்டு எதுவென்று பிடிபடவில்லை.
மற்றது, அதுதான்.
பர்மிய மொழியில் நீ என்றால் பக்கத்தில்.
நீ, நீ என்று அவன் இழுக்கும்போது
அரங்கம் முழுக்கப் பக்கத்தில், பக்கத்தில் என்று கேட்கிறது.
எனக்கும் அப்படித்தான். அந்த மொழியில்தானே
வாய்ப்பாடு படித்தேன், கடன் கேட்டேன்.
ஆனால் ஒவ்வொரு முறையும்
ஒரு நொடி முன்னால்
தமிழ் கேட்டுவிடுகிறது.
திரும்பிப் பார்த்தேன்.
பவளக்கொடிக்கும் கேட்டிருந்தது.
ஜோ மின் வாய்விட்டு அழுதான்,
பழத்தைக் கீழே வைக்காமல்.
பாடகன் எங்களைவிடக் குட்டை.
ஒருமுறைகூட இருமவில்லை.

திரும்பும்போது அதே செக்போஸ்ட், அதே அதிகாரி.
அட்டையை உருவும்போது
கிழிபடாத டிக்கெட் மேசையில் விழுந்தது.
எடுத்துப் பார்த்தார்.
"அதைப் பாடினார்களா?"
"எதை?"
அடுத்த மேசையைப் பார்த்துக்கொண்டு
மெல்லச் சொன்னார்: "நீ."
"பாடினார்கள்."
தலையாட்டினார். பிறகு என் அட்டையை
அன்றைக்குப் பார்த்த அதே நேரம் பார்த்தார்.

வெளியே பஸ் உறுமிக்கொண்டிருந்தது.
கதவில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக,
டிரைவர் திட்டத் திட்ட,
இறங்கிவிடத் தயாராக நின்றான்
நாய் ரோட்ஸா.
மோன் மொழியில் சொல்கிறேன்.