சந்தேக நபர்கள்

மீன் சந்தைக்கு எதிரே
விளக்குக் கம்பத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது
நகராட்சியின் புதுக் கண்.
யார் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று
கணக்கு வைத்துக்கொள்கிறது.
ஏழு நிமிடம் தாண்டினால்
'நோக்கமின்றி நிற்பவர்' என்று
எங்கோ ஒரு மேசையில் மணி அடிக்கும்.

சிலியின் தெற்கு இது.
மழை இங்கே ஒரு வேலைபோல வந்துபோகும்.
எனக்குப் பதினேழு வயது,
ஓட்டுப் போட இன்னும் பதினோரு மாதம்.
கேள்வி கேட்க வயது வரம்பு இல்லை என்று
சட்டத்தின் ஏதோ ஒரு மூலையில் இருந்தது.
கேட்டேன்.
இருபது வேலை நாள் கழித்து
வேதியியல் வகுப்பின் நடுவே கைபேசி துடித்தது:
நூற்றிப் பத்துப் பக்கம்,
பாதியில் கறுப்பு மை.

நாவெலும் நானும் மூன்று இரவு எண்ணினோம்
அவன் வீட்டு விறகடுப்புக்குப் பக்கத்தில்,
ஈரக் காலுறை காயும் வாடையில்.
ஒரு மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு மணி.
'ஆண், பருமன், படுத்த நிலை.'
'ஆண், பருமன், கூச்சல்.'
'கும்பல், ஐவர், மீன் கழிவுத் தொட்டி அருகே.'
நாவெல்தான் முதலில் சிரித்தான்.
அவன் சிரித்து முடிப்பதற்குள்
எனக்கும் விளங்கிவிட்டது.

ஆற்றிலிருந்து ஏறி வந்து
சந்தைப் படியில் மல்லாந்து கிடக்கும்
எங்கள் ஊர்க் கடற்சிங்கங்கள்!
அம்மா வெட்டி எறியும் மீன் தலையைத்
திரும்பிப் பார்க்காமலே வாயில் பிடிப்பவை.
முந்நூற்று ஏழு தடவை
மனிதப் பிறவி எடுத்திருந்தன.
ஒன்றைப் பிடிக்கக் காவல் வண்டியே
புறப்பட்டு வந்திருக்கிறது.

எழுதினேன்:
'நோக்கமின்றி நிற்பவர்கள் சங்கத்தின்
பகிரங்கக் கடிதம்.'
கீழே கையெழுத்துக்குப் பதில்
துடுப்புத் தடம், முந்நூற்று ஏழு.
எந்தக் கம்பெனி, எத்தனை கோடி பெசோ,
டெண்டர் ஏன் ஒரே ஒருவருக்காகத் திறந்து மூடியது
என்பதெல்லாம் எட்டாவது பத்தியில்.
எட்டாவது பத்தி வரை
யாரும் வரவில்லை.

ரொட்டிக் கடை சிரித்தது. பேருந்து சிரித்தது.
வானொலியில் ஒருவர்
கடற்சிங்கம்போலக் கத்திக் காட்டினார்.
மன்ற உறுப்பினர் ஓயார்சூன்
என் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.
இந்தக் கண்ணுக்குக் கை தூக்கிய ஐவரில்
அவரும் ஒருவர்;
அதுவும் எட்டாவது பத்தியில்தான் இருந்தது.

ஆகஸ்டில் தலைநகரிலிருந்து
பொறியாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள்.
மடிப்புக் கலையாத மழைக்கோட்டு.
கடற்சிங்கங்களைப் பக்கவாட்டில், பின்புறம்,
நனைந்து, காய்ந்து, கொட்டாவியோடு
நாலு நாள் படம் பிடித்தார்கள்.
"உன் அட்டவணை துல்லியம்.
அனுப்ப முடியுமா?" என்றாள் ஒருத்தி.
விலங்கு, விலங்கு, மனிதர், விலங்கு...
ஒவ்வொரு வரிக்கும் எதிரே நாங்கள் குறித்தது.
அனுப்பினேன்.
பெருமையாகத்தான் அனுப்பினேன்.

இப்போது அது தவறு செய்வதில்லை.
கடற்சிங்கங்கள் அனைத்தும் விடுதலை.

மிச்சம் நூற்றைந்து.
அன்று நான் புரட்டிவிட்டுப் போன வரிகள்.
உரிமம் இல்லாமல் கடற்பாசி விற்கும் இருவர்.
வேலைக்கு ஆள் எடுக்க வரும் லாரிக்காகக்
குளிரில் காத்திருக்கும் ஹைத்திக்காரர்கள்.
பிறகு,
'பெண், நடுத்தர உயரம், ரப்பர் பூட்ஸ்,
காலை ஐந்து பத்து, பதினோரு நிமிடம்.'
பதினான்கு நாள், அதே பெண்.
சந்தைக் கதவு திறக்கும்வரை
நின்று புகைப்பாளாம்.
போன வருடமே விட்டுவிட்டேன் என்று
எங்களிடம் சொன்ன சிகரெட்டை.

அம்மாவிடம் கேட்கவில்லை.
அவளுக்கென்று இருந்த பதினோரு நிமிடம் அது.
எனக்கு முன்பே
ஓர் இயந்திரத்துக்குத் தெரிந்திருக்கிறது.

இன்று கம்பத்தடியில் நிற்கிறேன்.
நோட்டு நனைகிறது.
பக்கத்தில் ஒன்று புரண்டு படுக்கிறது,
அதன்மேல் எந்தக் குற்றமும் இல்லை.
இந்த முறை துடுப்பும் இல்லை, சங்கமும் இல்லை.
எட்டாவது பத்தியை முதலில் எழுதுகிறேன்.

மணி பார்த்தேன்.
எட்டாவது நிமிடம்.