சாய்வு

பாசல் நகரில் ரைன் ஆற்றைக் கடக்கும்
இந்த மரப்படகுக்கு இயந்திரம் இல்லை,
துடுப்பும் இல்லை.
தலைக்கு மேலே கரைக்குக் கரை ஒரு கம்பி,
கம்பியில் ஓடும் உருளை,
உருளையிலிருந்து இறங்கும் கயிறு.
படகுக்காரி பெயாட்டா
நெம்புகோலை ஒருமுறை மறுபுறம் தள்ளிவிட்டு
கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்கிறாள்.
கீழ்நோக்கி இழுக்கிற ஆறே
எங்களைக் குறுக்கே கொண்டுபோகிறது.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
இயந்திரம் திருப்பித் தள்ளிய விரிப்புகளை
என்னோடு மடிப்பவள் ஷூஃபென், தைவான்காரி.
இரண்டு மூலை அவளிடம், இரண்டு என்னிடம்.
இழுத்தால் எதிரில் நிற்பவள் தடுமாறுவாள்,
தளர்த்தினால் துணி தரையைத் தொடும்,
மறுபடி துவைக்கவேண்டும்.

போன கிழமை
நீராவி படிந்த கண்ணாடியில்
விரலால் இரண்டு எழுத்து எழுதினாள்.
ஒன்று, இல்லை. மற்றது, செய்.
செய்யாமல் செய்வதாம்.
அவர்களுடைய பழைய ஆட்கள் சொன்னதாம்.
"செய்யாவிட்டால் சம்பளம் ஆர் தருவினம்?"
இருவருக்கும் சொந்தமில்லாத ஜெர்மனில் கேட்டேன்.
அவளுக்கும் தெரியவில்லை, சிரித்தாள்.
எழுத்துகள் வழிந்து
ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

விடிய நான்கு மணிக்குச் சலவை,
பின்னேரம் காப்புறுதி அலுவலகத்தில் தரை துடைப்பு.
இடையில் இந்த நான்கு நிமிடம், இரண்டு பிராங்க்.
பாலத்தில் நடந்தால் இலவசம் என்கிறார் கணவர்.
குளிர்சாதனப்பெட்டிக் கதவில்
மாதக் கணக்கின் கடைசி வரியாக
"படகு" என்று எழுதி
எதிரில் ஒரு கேள்விக்குறி.

தொழிற்பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டான் நிதுஷன்.
மூன்று கிழமையாக
அவன் கதவை எதிர்த்தே துடுப்புப் போட்டேன்.
தொண்டை கட்டியது.
கதவு இருந்த இடத்தில் இருந்தது.

இன்று ஆறு கலங்கி, பருத்து ஓடுகிறது.
பக்கத்தில் ஒருவர் நீரைப் படமெடுக்கிறார்.
நான் கம்பியைப் பார்க்கிறேன்.
ஆற்றோடு போ என்று சொல்வது சுகம்;
இது அறுந்தால்
நாங்கள் ஒல்லாந்தில்தான் கரையேறவேண்டும்.
ஆறு வா என்கிறது,
கம்பி விடமாட்டேன் என்கிறது,
நடுவே எவ்வளவு சாய்வது என்று
வெறும் பலகைக்குத் தெரிந்திருக்கிறது.
எனக்கு நாற்பத்தெட்டு வயது.

நேற்று நான் கதவைத் தட்டவில்லை.
வெளியே நின்று,
பெரிய விரிப்பு, தனியாக மடிக்க ஏலாது என்றேன்.
பச்சைப் பொய்.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு தாழ்ப்பாள்.
வந்தான். இரண்டு மூலையை எடுத்துக்கொண்டான்.
முகத்தைப் பார்க்கவில்லை.
தேவைக்கு மேல் இழுத்தான்,
நான் ஓர் அடி முன்னே போனேன்.

அக்கரையில் யாரோ மணியடிக்கிறார்கள்.
பெயாட்டா
ஒரு கையை மட்டும் வெளியே எடுக்கிறாள்.