உமிக்கு ரசீது

அபகாலிக்கி அரிசி ஆலைகளுக்குப் பின்னால்
உமிமலை அணைந்ததே இல்லை.
மழையிலும் உள்ளுக்குள் கனன்று
துணிக்கொடியெல்லாம் புகைநாற்றம்.

உகோயே சாக்கில் அள்ளி வந்தாள்.
கறுப்பு நீங்கும்வரை மறுபடி சுட்டாள்,
அரைத்தாள், சலித்தாள்.
பத்து கிலோ சிமெண்டில் ஒரு கிலோவை எடுத்துவிட்டு
அந்த இடத்தில் சாம்பல்.

ஏழாம் நாள்
வெறும் சிமெண்ட் கட்டிக்கு முந்தியே
அவள் கட்டி விரிசல் கண்டது.
ஒப்பந்தக்காரர் எலேச்சி சிரித்தார்:
"உமியை ஊதித் தின்னலாம்,
வீடு கட்ட முடியாது."

மிச்சக் கட்டிகளைத் தண்ணீரிலேயே விட்டாள்.
சாம்பலுக்கு அவசரமில்லை;
சுண்ணாம்பைத் தேடித் தேடி
மெதுவாகத்தான் கை கோக்கும்.

தொண்ணூறாம் நாள் முள் ஏறியது.
மற்றது நின்ற கோட்டைத் தாண்டி
இன்னும் கொஞ்சம்.
பிறகுதான், டப்.

எலேச்சி எண்ணைக் கேட்டு
உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

மறுவாரம் சாக்கோடு போனாள்.
மலையைச் சுற்றிக் கயிறு.
அள்ளிப் போனால் போதுமென்று கெஞ்சிய மேலாளர்
முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்,
மடியில் புத்தம்புது ரசீதுப் புத்தகம்.

"சாக்குக்கு எவ்வளவு?"

அவர் இன்னும் விலை யோசிக்கவில்லை.
காற்று திரும்பியது.
இருவரும் கண்ணைக் கசக்கினார்கள்.