பைக்கு வெளியே ஒரு விரல்

பீச் ஸ்டேஷனில் ஆறு இருபது வேளச்சேரி வண்டி.
ஜன்னலோரம் கிடைத்தால் பையை எடுப்பேன்.
காவித் துணி, பசுவின் முகம்போல் வளைந்த தையல்,
உள்ளே நூற்றெட்டு ருத்திராட்சம்.
பக்கவாட்டில் ஓர் ஓட்டை,
சுட்டுவிரல் வெளியே நிற்பதற்கு.
மணியை அது தொடக்கூடாதாம்.
'நான்' என்பது அந்த விரலில்தான் குடியிருக்கிறது
என்றார் மாட வீதிக் கடைக்காரர்,
எனக்கு ரசீது கிழித்துக்கொண்டே.

காலை பத்திலிருந்து மாலை நாலு வரை
அந்த விரல்தான் எனக்குச் சோறு போடுகிறது.
ஈரப் பஞ்சைத் தொட்டு
நூறு நூறாகத் தள்ளும் கேஷ் கவுண்டர் விரல்.
ஆரம்பத்தில் ஜபமும் நூறில் நின்றுவிடும்;
கை ரப்பர் பாண்டைத் தேடும்.
மீதி எட்டு எதற்கு என்று அந்தக் கடையிலேயே கேட்டேன்.
சொல்லும்போது விட்டுப்போனதற்கு, என்றார்.
எங்கள் கிளையில் அப்படி ஒரு வசதி கிடையாது.

ஆடி மாதம், வெள்ளிக்கிழமை,
ஐந்நூறு குறைந்தது.
கட்டுகளைப் பிரித்து எண்ணினேன், மறுபடி எண்ணினேன்,
மேஜைக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தோம்.
மேலாளர் கேட்டார்:
கூண்டுக்குள் யார் வந்தது?

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கன்னியப்பன் டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.
தினக்கூலி. காசிமேட்டுப் பையன்.
எனக்கு மட்டும் சர்க்கரை கம்மி என்று
யாரும் சொல்லாமலே தெரிந்து வைத்திருந்தவன்.
விரல் நீண்டது.
அவ்வளவுதான்.

திங்கட்கிழமை டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தது.
புதன்கிழமை பர்மா பஜாரிலிருந்து ஒருவர் வந்தார்.
"புது நோட்டும்மா, ரெண்டு ஒட்டிக்கிட்டிருந்துச்சு."
நன்றி சொன்னேன், வவுச்சர் எழுதினேன்.
கணக்கு நேராகிவிட்டது.

வாய்விட்டுச் சொன்னால் ஒரு பங்கு,
உதடு மட்டும் அசைந்தால் நூறு பங்கு,
உதடும் அசையாமல் உள்ளே சொன்னால்
ஆயிரம் பங்கு என்பார்கள்.
நான்தான்
வாயே திறக்கவில்லையே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்குப் போனேன்.
மீன் ஏலம் முடிந்து தரை ஈரமாக இருந்தது.
ஐஸ் உடைக்கும் ஒருவர் தெருவைக் காட்டினார்,
முழுக் கையையும் நீட்டி.
நீலக் கதவு, வாசலில் காயும் வலை,
உள்ளே ரேடியோ.
பத்தடிதான் இருக்கும்.
மாலையில் மேரு மணி வந்தால் தாண்டக்கூடாது,
அப்படியே திருப்பிக்கொண்டு
வந்த வழியே எண்ண வேண்டும்.
அந்த விதி அன்று எனக்கு
எவ்வளவு சௌகரியமாக இருந்தது.

அதற்குப் பிறகு வண்டியில் பையை எடுத்தால்
விரல் யாரையாவது பார்த்து நிற்கிறது.
சேப்பாக்கத்தில் ஏறும் கல்லூரிப் பெண்ணை,
கூடைமேல் தலைவைத்துத் தூங்கும் பூக்காரம்மாவை.
ஒருநாள் எதிர் இருக்கைக் குழந்தை
தன் விரலையும் என்னை நோக்கி நீட்டியது.
சிரித்துக்கொண்டுதான்.

இப்போது பை பீரோவில் இருக்கிறது.
விரல் கணுக்களில் எண்ணுகிறேன், கட்டைவிரலால்.
மோதிரவிரல் நடுவில் தொடங்கி இறங்கி,
சுண்டுவிரல் ஏறி, நுனிகளைக் கடந்து போனால்
எட்டு, ஒன்பது, பத்து
மூன்றும் சுட்டுவிரலில்தான் விழுகின்றன.
இந்த முறையில் அதை விலக்க வழியில்லை.
நுனியில் பஞ்சின் ஈரம் ஊறி ஊறித்
தோல் வெளுத்திருக்கிறது.
ஐந்தெழுத்தைச் சொல்லி அங்கே தொடுகிறேன்.
நடுக்கணு.
அடிக்கணு.
மயிலாப்பூர் வந்துவிட்டது, இறங்கவில்லை.