நியாயமான அளவு

ஜனவரியில் எல்லோரும் கையெழுத்திடுகிறோம்.
பதினொரு பக்கம். யாரும் படிப்பதில்லை.
அடிவரை உருட்டிப்போய் ஒரு கட்டத்தைச் சொடுக்கினால் போதும்.
நான் படித்திருக்கிறேன்.
பாதியை எழுதியவனே நான்தான்.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வின்னிபெக்கில் காரையும்
மின்கம்பியில் கட்டிப்போட்டுவிட்டுத்தான் வேலைக்கு வர வேண்டும்,
இல்லையென்றால் மாலையில் உயிர் பிடிக்காது.
சர்வர்களின் முதுகுப்புறம் மட்டும் சித்திரை வெயில்.

நான்காம் விதி: சொந்தப் பயன்பாடு நியாயமான அளவில் இருக்கலாம்.
நியாயம் என்றால் நாளுக்கு இருபது நிமிடம் என்று
டோனட் தின்றுகொண்டே ஒரு கூட்டத்தில் முடிவுசெய்தோம்.
ஆறாம் விதி: இவ்வலையமைப்பில் அந்தரங்கத்தை எதிர்பார்க்க வேண்டாம்.
ஒன்பது: மீறலைக் கண்டவர் அன்றே அறிவிக்க வேண்டும்.
கண்டவர் என்று ஊருக்குப் பொதுவாக எழுதினாலும்
கண்கள் என்னவோ என்னுடையவைதான்.

திங்கட்கிழமைகளில் பதிவேடு படிப்பேன்.
கிரெக், ஹாக்கி ஸ்கோர், மூன்று நிமிடம். போகட்டும்.
மேலாளர், முடி நடும் மருத்துவமனை. நான் பார்க்கவில்லை.
சம்பளப் பிரிவு, டொரீன் கொவல்சுக்,
பகல் பன்னிரண்டு பத்து முதல் பன்னிரண்டு ஐம்பத்தைந்து வரை:
ஒரு படுக்கையறை, நாய்க்கு அனுமதி உண்டு.
ஒரு படுக்கையறை, நாய்க்கு அனுமதி உண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம்.
கூட்டுக் கணக்கில் பணம் எடுத்தால் மற்றவருக்குச் செய்தி போகுமா.

ஒன்பது வாரமாக இதேதான்.
அறிக்கைப் படிவத்தைத் திறந்தேன்.
பெயர் அடித்தேன், பணியாளர் எண் அடித்தேன்,
நான்காம் விதி என்றும் அடித்தாயிற்று.
அப்புறம் கண்ணில் பட்டது வியாழக்கிழமை வரி:
என் கைபேசியை வேறொருவர் பார்க்கிறாரா
என்று அறிவது எப்படி.

அந்த வீட்டிலும் ஒரு பதிவேடு இருக்கிறது.
அங்கே படிப்பவன்
திங்கட்கிழமைவரை காத்திருப்பவன் அல்ல.
அந்தரங்கத்தை எதிர்பார்க்காதே என்று
நான் எழுதிவைத்த இடத்துக்குத்தான்
அவள் அதைத் தேடி வந்திருக்கிறாள்,
உப்புப் பிஸ்கட்டும் ஆறிய சூப்புமாக, தினமும் முக்கால் மணி நேரம்.

சேமிக்கவா என்று படிவம் கேட்டது. வேண்டாம்.
வகை என்ற கட்டத்தில் 'வேலை தொடர்பானது' என மாற்றினேன்.
ஒவ்வொரு வரியாக, ஒன்பது வாரத்துக்கும்.
பதிவைத் திருத்தினால் உடனடி நீக்கம்,
பதினான்காம் விதி. அதுவும் என் வாக்கியம்.
அதன் முற்றுப்புள்ளிக்காக
ஒரு வழக்கறிஞரோடு சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

என் பதிவைப் படிப்பவர் டொரண்டோவில் இருக்கிறாராம்.
திங்கட்கிழமைகளில் அவருக்கு நல்ல தூக்கம் வரட்டும்.

பிப்ரவரி நடுவில் லிஃப்டில் டொரீன்.
கோட்டுக் கையில் பழுப்பு மயிர் நாலைந்து.
நாளைக்குக் குளிர் குறையுமாம், என்றாள்.
ஆமாம், மைனஸ் பதினெட்டுதானாம், என்றேன்.
வாடகை எனக்குத் தெரியும். தெரு தெரியும்.
முன்பணம் இரண்டு தவணை என்பதும் தெரியும்.
நாயின் பெயர் மட்டும் எந்த வரியிலும் இல்லை.
கேட்கவும் முடியாது.
அவளிடம் நாய் இருப்பதே
எனக்குத் தெரியாது அல்லவா.